ஒரே கட்டளையில் பத்தாயிரம் பதிவுகள்: மாற்றுவதற்கு முன் சோதிப்பது எப்படி?

(அரசுச் சேவைகளைச் செல்போனில் பயன்படுத்தும் பொதுமக்கள், இ-சேவை மைய ஊழியர்கள், கணினி பயிலும் மாணவர்கள் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த அரங்கத்தில் மூன்று வகையானவர்கள் இருக்கிறீர்கள். செல்போனில் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒரு பக்கம். இ-சேவை மையத்தில் அந்த விண்ணப்பத்தைப் பதிவு செய்து கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். நாளைக்கு இந்த மென்பொருளை எழுதப்போகிற மாணவர்கள் பின்வரிசையில். மூன்று பேருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்களின் பதிவுகளை ஒரே நேரத்தில் மாற்றுகிற வேலை. கணினித் துறையில் இதை 'பல்க் அப்டேட்' என்பார்கள். நாம் 'மொத்த மாற்றம்' என்றே சொல்வோம்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்த மாற்றம் முடிந்ததும் "எத்தனை பேருக்கு மாறியது?" என்று கேட்பது பாதிச் சோதனை. "மாறக் கூடாதவர்களுக்கு மாறாமல் இருக்கிறதா?" என்று கேட்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால், எந்தத் தப்பும் செய்யாத ஒரு குடும்பம் ஆறு மாதம் கழித்து ஒரு சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கும்.

மொத்த மாற்றம் எப்போது வரும்?

2019 நவம்பரை நினைத்துப் பாருங்க. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு. வேலூர் மாவட்டம் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்து, மாநிலத்தின் மொத்த மாவட்டங்கள் 38 ஆயின.

ஆம்பூரில் இருக்கிற ஒருவரின் நிலையை யோசியுங்கள். அவர் வீடு மாறவில்லை. தெரு மாறவில்லை. மாவட்டம் மட்டும் மாறிவிட்டது. அவருடைய முகவரி எந்தெந்தச் சேவையில் பதிவாகியிருக்கிறதோ, அங்கெல்லாம் 'வேலூர்' என்றிருப்பது 'திருப்பத்தூர்' என்று மாற வேண்டும். அவர் ஒருவருக்கு மட்டுமா? அந்த மாவட்டம் முழுக்க. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்ற முடியாது. ஒரே கட்டளையில் மொத்தமாகத்தான் மாற்றியாக வேண்டும்.

மாவட்டப் பிரிப்பு மட்டும் இல்லை. உதவித்தொகை உயர்ந்தால் தொகை மாறும். வார்டு எல்லை மாறினால் வார்டு எண் மாறும். இவையெல்லாமே மொத்த மாற்றங்கள்தான்.

நடுவில் இருக்கும் துபாஷி

உங்கள் செயலியில் தெரியும் விவரங்கள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில், அதாவது டேட்டாபேஸில், வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்துக்கு ஒரு மொழி உண்டு, எஸ்க்யூஎல். மென்பொருள் எழுதுகிறவர் வேறொரு மொழியில், உதாரணமாகப் பைத்தானில், எழுதுகிறார். இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற கருவிக்கு 'ஓஆர்எம்' என்று பெயர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரருக்கும் நடுவில் ஒரு துபாஷி நின்றாரே, அதே வேலைதான்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் 'ஜாங்கோ' என்ற மென்பொருள் சட்டகம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்கிற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் பிறந்தது. 2005-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை வைத்தார்கள். உலகம் முழுக்கப் பல இணையச் சேவைகள் இதன் மேல் ஓடுகின்றன. எந்தத் துறை எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்பதல்ல இன்றைய பேச்சு. ஜாங்கோவின் துபாஷி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், மற்றவற்றையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

ஜாங்கோவில் பதிவை மாற்ற மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 'சேவ்'. கோப்பு ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். படித்து, திருத்தி, முத்திரை குத்தி, பதிவேட்டில் தேதி எழுதி, அடுத்த மேசைக்குத் தகவல் சொல்லி அனுப்புவது மாதிரி. பத்திரமான வழி. ஆனால் மெதுவானது. 10,000 பேர் என்றால் தரவுத்தளத்துக்குக் குறைந்தது 10,000 கட்டளைகள் போகும்.

இரண்டாவது வழி, 'அப்டேட்'. ஒற்றை வரி உத்தரவு. "இந்த நிபந்தனைக்குள் வருகிற எல்லோருக்கும் மாவட்டம் இனிமேல் இது." ஒரே கட்டளை. எல்லோருக்கும் ஒரே மதிப்பு.

மூன்றாவது வழி, 'பல்க் அப்டேட்'. இது பட்டியல் போட்டு அனுப்புவது. ஒவ்வொரு ஆளுக்கும் புது மதிப்பு வேறு வேறாக இருக்கலாம். ஒரு தெருவுக்கு வார்டு 12, அடுத்த தெருவுக்கு வார்டு 14 என்பது போல. ஜாங்கோவில் இது 2019-ல் வந்த 2.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பட்டியலை 500 பேர் கொண்ட தொகுதிகளாகப் பிரித்தால், 10,000 பேருக்கு 20 கட்டளைகளில் வேலை முடிந்துவிடும்.

10,000 எங்கே, 20 எங்கே! அதனால்தான் எல்லோரும் இந்தக் குறுக்கு வழியை விரும்புகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் குறுக்கு வழியில் போகும்போது நடுவில் இருக்கிற சில மேசைகளைத் தாண்டிப் போய்விடுகிறோம். எந்த மேசை விட்டுப்போனது என்று கண்டுபிடிக்கிற வேலைதான் சோதனை.

சோதனைக்கு எட்டுப் பேர் போதும்

பத்தாயிரம் பேருக்கான மாற்றத்தைச் சோதிக்கப் பத்தாயிரம் பேர் வேண்டியதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் போதும். உண்மையான ஆட்களும் வேண்டாம், கற்பனை ஆட்களை உருவாக்கிக்கொள்ளலாம். பொதுமக்களின் உண்மை விவரங்களைச் சோதனைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் வையுங்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி என்று நான்கு வட்டங்கள். நமக்குக் கொடுத்த வேலை: "இந்த நான்கு வட்டத்துக்காரர்களின் மாவட்டத்தை வேலூரிலிருந்து திருப்பத்தூர் என்று மாற்று." கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நம் எட்டுப் பேரைப் பாருங்கள்.

முதல் ஆள் ஆம்பூர் வட்டம், வேலூர் மாவட்டம். இரண்டாம் ஆள் வாணியம்பாடி, வேலூர். மூன்றாம் ஆள் திருப்பத்தூர் வட்டம், வேலூர். இந்த மூவருக்கும் மாற வேண்டும்.

நான்காம் ஆள் காட்பாடி, வேலூர். இவருக்கு மாறக் கூடாது.

ஐந்தாம் ஆள்தான் முக்கியம். இவரும் திருப்பத்தூர் வட்டம்தான். ஆனால் சிவகங்கை மாவட்டம்! ஆமாம், சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் வட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் திருப்புத்தூர் என்றும் சொல்வார்கள். "வட்டம் திருப்பத்தூர் என்றிருப்பவர்களை எல்லாம் மாற்று" என்று மட்டும் எழுதினால், காரைக்குடிப் பக்கம் இருக்கிற குடும்பம் ஒரே நொடியில் ஏலகிரி மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும், காகிதத்தில். நாளைக்கு அவர் வீட்டுப் பிள்ளை கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பம் சம்பந்தமே இல்லாத வட்டாட்சியருக்குப் போய் நிற்கும். அவர் "இந்த ஆள் என் எல்லையில் இல்லை" என்று நிராகரிப்பார். அவர் சொல்வது சரிதான். குடும்பத்தின் பேரிலும் தப்பில்லை. ஆனால் சேர்க்கைக்கான கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

ஆறாம் ஆளுக்கு மாவட்டம் வேலூர், வட்டம் என்கிற இடம் காலி. பழைய பதிவுகளில் இது சகஜம். இவரை எங்கே சேர்ப்பது என்று கணினி முடிவு செய்யக் கூடாது. தனிப் பட்டியலில் எடுத்து வைத்து, ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

ஏழாம் ஆள் ஆம்பூர்தான். ஆனால் தட்டச்சு செய்தவர் 'ஆம்பூர்' என்று அடித்த பிறகு ஒரு இடைவெளியையும் சேர்த்துத் தட்டிவிட்டார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. மாற்றம் இவரைத் தொடாமல் போய்விடும்.

எட்டாம் ஆளின் வட்டம் 'நாட்டறம்பள்ளி' என்று பதிவாகியிருக்கிறது. கட்டளையில் 'நாட்றம்பள்ளி' என்று இருக்கிறது. இவரும் விடுபடுவார்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'சோளிங்கர்' என்று எழுதும்போது வருகிற 'சோ' எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒப்பிட்டால் பொருந்தாது. அதனால் ஒப்பிடுவதற்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இதற்கெல்லாம் நல்ல தீர்வு, பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணை நம்புவது. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும், வட்டத்துக்கும், கிராமத்துக்கும் தனி எண் உண்டு. இரண்டு திருப்பத்தூர்களுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்காது.

என்னென்ன பார்க்க வேண்டும்?

எட்டுப் பேர் தயார். இப்போ மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மற்றவர்களும் கேளுங்கள், புரியாத விஷயம் எதுவும் இல்லை.

ஒன்று, தரவுத்தளத்திலிருந்து திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். பல்க் அப்டேட்டில் முதலில் கணினியின் நினைவகத்தில் புது மதிப்பை எழுதுகிறோம். பிறகு "இந்தப் பட்டியலில் மாவட்டம் என்கிற பத்தியை மட்டும் சேமி" என்று சொல்கிறோம். அந்தப் பத்தியின் பெயரைச் சொல்ல மறந்து வேறொன்றைச் சொல்லிவிட்டால்? நினைவகத்தில் 'திருப்பத்தூர்' இருக்கும். தரவுத்தளத்தில் பழைய 'வேலூர்' அப்படியே இருக்கும். நினைவகத்தை மட்டும் பார்க்கிற சோதனை "எல்லாம் சரி" என்று பச்சை விளக்குக் காட்டும். கையில் எழுதி வைத்த சீட்டைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் ஏறிவிட்டது என்று சொல்வதற்குச் சமம் அது. ஜாங்கோவில் 'ரிஃப்ரெஷ் ஃப்ரம் டிபி' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்து, தரவுத்தளத்தில் நிஜமாக என்ன இருக்கிறது என்று படித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு, எட்டுப் பேரையும் பார்க்க வேண்டும். மாற வேண்டிய மூவரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. காட்பாடிக்காரரும் சிவகங்கைக்காரரும் அப்படியே இருக்கிறார்களா? காலி வட்டக்காரர் தனிப் பட்டியலுக்குப் போனாரா? ஏழாம் ஆளும் எட்டாம் ஆளும் விடுபட்டார்களா, சேர்ந்தார்களா? மாவட்டம் தவிர மற்றவை, அதாவது பெயர், செல்போன் எண், கதவு எண் எல்லாம் தொடப்படாமல் இருக்கின்றனவா?

செல்போன் எண்ணை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டியலைக் காலை 10 மணிக்குப் படித்து, 10.05-க்குத் திருப்பி எழுதுகிறோம் என்று வெச்சுக்குவோம். நடுவில் 10.02-க்கு ஒரு அம்மா தன் புது எண்ணைச் செயலியில் மாற்றியிருக்கிறார். சேமிக்கச் சொன்ன பத்திகளில் செல்போன் எண்ணும் இருந்தால், பழைய எண் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். பிறகு ஓடிபி எல்லாம் பழைய எண்ணுக்கே போகும். மாற்ற வேண்டிய பத்தியை மட்டும் பெயர் சொல்லிச் சேமிப்பதுதான் முறை.

மூன்று, தாண்டிப்போன மேசைகளைப் பார்க்க வேண்டும். நான் சொன்னேனே, குறுக்கு வழியில் சில மேசைகள் விட்டுப்போகும் என்று. ஜாங்கோவில் 'அப்டேட்', 'பல்க் அப்டேட்' இரண்டுமே ஒவ்வொரு பதிவுக்கும் உரிய 'சேவ்' நடைமுறையைக் கூப்பிடுவதில்லை. "பதிவு மாறியது" என்று மற்றப் பகுதிகளுக்குச் சொல்கிற சமிக்ஞைகளும் போவதில்லை. வழக்கமாகத் தானாக மாறுகிற 'கடைசியாக மாற்றிய நேரம்' என்ற பத்தியும் மாறாது. நாமே தனியாகச் சொன்னால்தான் உண்டு.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நீங்கள் புகாரோடு போய் நிற்கும்போது அலுவலர் திரையைப் பார்க்கிறார். "2017-க்கு அப்புறம் உங்க பதிவுல யாரும் கை வைக்கலையேம்மா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. திரை அப்படித்தான் காட்டுகிறது. மாற்றம் நடந்த தடயமே இல்லை. அதனால் எட்டுப் பேர் சோதனையில் நேரம் மாறியிருக்கிறதா, மாற்றக் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியிருக்கிறதா, போக வேண்டிய குறுஞ்செய்தி போனதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்கு, பாதியில் நின்றால் என்ன ஆகும்? 20 தொகுதிகளில் 13-வது தொகுதியில் பிழை வந்து நின்றுவிட்டால், முதல் 12 தொகுதி ஆட்கள் புது மாவட்டத்திலும் மற்றவர்கள் பழைய மாவட்டத்திலும் இருப்பார்களா? ஒரே வீட்டில் அண்ணன் திருப்பத்தூர், தம்பி வேலூர் என்று ஆகிவிடக் கூடாது. நடந்தால் எல்லாம் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்கக் கூடாது. ஜாங்கோவின் பல்க் அப்டேட், தான் பிரிக்கிற தொகுதிகளை எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்துவிடுகிறது. ஆனால் எழுதுகிறவர் தானே தொகுதி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டால் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. சோதனையில் வேண்டுமென்றே ஒரு தப்பான பதிவைக் கடைசித் தொகுதியில் வையுங்கள். பிழை வரட்டும். வந்த பிறகு முதல் தொகுதியைப் படியுங்கள். பழைய மதிப்பே இருந்தால் தேர்ச்சி. இந்த மாதிரிச் சோதனைக்கு 'ட்ரான்ஸாக்‌ஷன் டெஸ்ட்கேஸ்' என்ற வகையைப் பயன்படுத்துங்கள். சாதாரண டெஸ்ட்கேஸ் முழுச் சோதனையையும் ஒரு பரிவர்த்தனைக்குள் மூடி வைப்பதால், உள்ளே நடப்பது சரியாகத் தெரியாமல் போகும்.

ஐந்து, இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும்? 2023-ல் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி மாற்றத்தை இரண்டு விதமாக எழுதலாம். "தொகையை 1,200 ஆக்கு" என்பது ஒன்று. "இருக்கிற தொகையோடு 200 கூட்டு" என்பது இன்னொன்று. ஒரு முறை ஓடினால் இரண்டுக்கும் ஒரே விடை. நெட்வொர்க் நின்றுபோய், நடந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி ஓட்டினால்? முதலாவது 1,200-லேயே நிற்கும். இரண்டாவது 1,400 ஆகிவிடும். கூடுதலாகப் போன பணத்தைப் பிறகு பாட்டியிடம் திருப்பிக் கேட்பது எவ்வளவு சங்கடம்! அதனால் சோதனையில் ஒரே கட்டளையை இரண்டு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது தரம் எதுவும் மாறக் கூடாது.

ஆறு, எண்ணிக்கை. ஜாங்கோ 4.0 பதிப்பிலிருந்து பல்க் அப்டேட் முடிந்ததும், எத்தனை வரிசைகள் பொருந்தின என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. நாம் 10,000 அனுப்பி 9,998 என்று வந்தால், அந்த இருவர் யார் என்று தேடியாக வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். 10,000 என்று சரியாக வந்தாலே எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பொருந்தின என்றுதான் அது சொல்கிறது. சரியான மதிப்புதான் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. பட்டியலே தப்பாக இருந்தால், தப்பான 10,000 பேரும் அழகாகப் பொருந்துவார்கள். அதோடு ஒரே ஆள் பட்டியலில் இரண்டு முறை இருந்தால், முதலில் வருவதைத்தான் ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். இரண்டாவது புது மதிப்பு சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதற்கும் ஒரு சோதனை எழுதுங்கள்.

வேகத்தையும் சோதிக்கலாம். தொகுதியின் அளவை 2 என்று வைத்து 5 பேரை அனுப்பினால், 3 கட்டளைகள்தான் போக வேண்டும். 'அசெர்ட் நம் குவெரீஸ்' என்ற வசதி அதை எண்ணிச் சொல்லிவிடும். நாளைக்கு யாராவது குறியீட்டைத் திருத்தும்போது தெரியாமல் ஒவ்வொன்றாகச் சேமிக்கிற வழிக்கு மாற்றிவிட்டால், இந்தச் சோதனை உடனே கத்தும்.

இந்தச் சோதனைகளால் உங்கள் உண்மையான பதிவுக்கு ஆபத்து உண்டா என்று பயப்பட வேண்டாம். சோதனை ஓடும்போது ஜாங்கோ தனியாக ஒரு காலித் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொள்கிறது. முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. ஒத்திகை வேறு மேடையில், நாடகம் வேறு மேடையில்.

உங்கள் செல்போனில் நீங்கள் செய்யக்கூடியது

எவ்வளவு சோதித்தாலும், உங்கள் பதிவைச் சரியா தப்பா என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று கணினியைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாவட்டப் பிரிப்பு, தொகை உயர்வு, வார்டு மாற்றம் என்று ஏதாவது அறிவிப்பு வந்தால், அவசரத் தேவை வரும் வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் சேவையைத் திறந்து உங்கள் விவரங்களை ஒரு தரம் பாருங்கள். பெயர், மாவட்டம், வட்டம், கிராமம், செல்போன் எண். மாற வேண்டியது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறக் கூடாதது மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருடைய பதிவையும் பாருங்கள், ஒருவருக்குச் சரியாக இருப்பதால் எல்லோருக்கும் சரி என்று ஆகாது.

மாற்றத்துக்கு முன்பே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மிக நல்லது. புகார் கொடுக்கும்போது "தப்பா இருக்கு" என்று மட்டும் எழுதாமல் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் கவனித்தீர்கள். இந்த மூன்றும் இருந்தால், எந்த மொத்த மாற்றத்தில் உங்கள் பதிவு மாட்டியது என்று கண்டுபிடிப்பது சுலபம். எங்கே சொல்வது என்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் மாவட்டம் மாறிவிட்டது, புதுப்பிக்க இந்த லிங்கைத் தொடவும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். மொத்த மாற்றம் நடக்க உங்கள் ஓடிபி தேவையே இல்லை. கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி நேரம்

(உரைக்குப் பின் எழுந்த கேள்விகளில் மூன்று.)

இ-சேவை மைய ஊழியர் ஒருவர்: சார், மென்பொருளை எங்களால் சோதிக்க முடியாது. நாங்க என்ன செய்யலாம்?

பதில்: உங்களால்தான் பெரிய உதவி செய்ய முடியும். ஒருவருக்கு வட்டம் தப்பாக இருந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். ஒரே கிராமத்திலிருந்து ஒரே வாரத்தில் மூன்று பேர் அதே தப்போடு வந்தால், அது மொத்த மாற்றத்தின் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று தனித்தனிப் புகாராக அனுப்பாமல், "இந்தக் கிராமத்தில் மூன்று பேருக்கு இப்படி" என்று சேர்த்து எழுதுங்கள். வராத மற்றவர்களுடைய பதிவும் அதனால் சரியாகும்.

மாணவி ஒருவர்: கல்லூரி ப்ராஜெக்டில் எஸ்க்யூலைட் வைத்துச் சோதித்தால் போதுமா, சார்?

பதில்: கற்றுக்கொள்ளப் போதும்மா. ஆனால் சேவை ஓடுவது போஸ்ட்கிரெஸ் மேல் என்றால், கடைசிச் சோதனையும் அதன் மேல்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒவ்வொரு வரம்பு உண்டு. ஒரே கட்டளையில் எத்தனை மதிப்புகளை அனுப்பலாம் என்பதில் பழைய எஸ்க்யூலைட்டின் வழக்கமான வரம்பு 999. 2020-ல் வந்த 3.32 பதிப்பில் அது 32,766 ஆனது. ஒரு இடத்தில் ஓடியது இன்னொரு இடத்திலும் அப்படியே ஓடும் என்று நம்பிவிடாதே.

பெரியவர் ஒருவர்: தப்பாகிவிட்டால் மறுபடி பழையபடி ஆக்கிவிட முடியாதா, தம்பி?

பதில்: நல்ல கேள்வி, ஐயா. எல்லா நேரமும் முடியாது. இரண்டு திருப்பத்தூர்க்காரர்களுக்கும் ஒரே மாவட்டத்தை எழுதிவிட்ட பிறகு, யார் வேலூரிலிருந்து வந்தவர், யார் சிவகங்கையிலிருந்து வந்தவர் என்று அந்தப் பத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய தகவல் அழிந்துவிட்டது. முழுக் காப்புப் பிரதியைத் திரும்ப ஏற்றினால், அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்த மாற்றங்கள் போய்விடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே, மாறப்போகிறவர்களின் பழைய மதிப்பைத் தனி அட்டவணையில் எடுத்து வைக்க வேண்டும். திரும்பப் பழையபடி ஆக்குகிற கட்டளையையும் அன்றைக்கே எழுதி, அதே எட்டுப் பேர் மேல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தப்பு நடந்த இரவில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிற கட்டளையிலும் ஒரு தப்பு இருக்கக்கூடும் இல்லையா?

வீட்டுக்குப் போனதும் உங்கள் பதிவில் மாவட்டமும் வட்டமும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.